கதிர்வீச்சுக்குப் பிறகு சுண்டெலிக் குடலில் டி.என்.ஏ. உருவாக்கத்தை அளப்பது எப்படி

கதிர் பட்ட திசுவில் டி.என்.ஏ. உருவாக்கம் குறைகிறது என்பது பழைய செய்தி. 1940-களின் தொடக்கத்திலேயே ஹெவெசியும் ஆய்லரும் எலிகளின் ஜென்சன் சார்கோமா கட்டிகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்து, பாஸ்பரஸ்-32 டி.என்.ஏ.வுக்குள் ஏறுவது குறைவதைக் காட்டிவிட்டார்கள். எவ்வளவு குறைந்தது என்பதை இன்று எந்த ஆய்வுக்கூடமும் ஒரு வாரத்தில் அளந்துவிடும். எதனால் குறைந்தது என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன.

ஒரு கிராம் திசுவில் லேபிள் (புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வுக்குள் ஏறி அதை அடையாளம் காட்டும் பொருள்) பாதியாகக் குறைந்தால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். செல்கள் செத்திருக்கலாம். உயிரோடிருக்கும் செல்கள், டி.என்.ஏ. இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே நின்று, இரட்டிப்பு நடக்கும் எஸ் கட்டத்துக்குள் நுழையாமல் இருக்கலாம். எஸ் கட்டத்தில் இருக்கும் செல்களே மெதுவாக வேலை செய்யலாம். அல்லது டி.என்.ஏ. உருவாக்கம் அப்படியே இருக்க, செத்த செல்களிலிருந்து வெளியேறிய தைமிடின் (டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்று) நீங்கள் கொடுத்த லேபிளை நீர்க்கச் செய்திருக்கலாம். இந்த நான்கையும் பிரித்துக் காட்டாத அளவீட்டை வைத்துக்கொண்டு இயங்குமுறை பற்றிப் பேசக் கூடாது. கீழே உள்ள செய்முறை முழுவதும் அந்தப் பிரிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது.

திசுவாகச் சுண்டெலியின் ஜெஜுனத்தை (சிறுகுடலின் நடுப்பகுதியை) எடுத்துக்கொள்கிறோம். அதன் கிரிப்ட் குழிகளில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். குடலின் மேல்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிவிடும். அதனால் அறுவை சிகிச்சையோ வளர்ச்சிக் காரணிகளோ கொடுத்துப் பிரிதலைத் தூண்ட வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஈரலை வெட்டியெடுத்து மறுவளர்ச்சியைப் பார்க்கும் முறையும் நல்லதுதான். செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எஸ் கட்டத்துக்குள் நுழைவது அதன் பெரிய வசதி. ஆனால் அறுவையின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். முதல்முறை செய்பவர்களுக்குக் குடலே ஏற்றது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

ஒரு கிரே (திசு ஏற்கும் கதிர் அளவின், அதாவது டோஸின், அலகு) கதிர் ஒரு பாலூட்டி செல்லில் ஏறக்குறைய ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும் 30 முதல் 40 இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். இந்த முறிவுகள் பாதையை அடைத்துக்கொள்வதால் இரட்டிப்பு நிற்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தடையின் பெரும்பகுதி செல் தானே எடுக்கும் முடிவு. முறிவைக் கண்ட ஏடிஎம் கைனேஸ் என்னும் நொதி செக்2 என்னும் நொதியைத் தூண்டுகிறது, செல் சுழற்சியை முன்னே தள்ளும் சிடிசி25ஏ சிதைக்கப்படுகிறது, அதனால் சிடிகே2 அடங்குகிறது, புதிய இரட்டிப்புத் தொடக்கப் புள்ளிகள் இயங்காமல் நிற்கின்றன. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் இரட்டிப்புக் கவைகள் (இழைகள் பிரிந்து புது டி.என்.ஏ. உருவாகும் இடங்கள்) பெரும்பாலும் தொடர்ந்து ஓடுகின்றன.

இதற்கு வலுவான சான்று அட்டாக்ஸியா டெலாஞ்ஜெக்டேசியா என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களின் செல்கள். அவற்றில் ஏடிஎம் வேலை செய்யாது. அதே டோஸில் அதே அளவு முறிவு ஏற்பட்டாலும், சாதாரண செல்லில் குறைவது போல டி.என்.ஏ. உருவாக்கம் அவற்றில் குறைவதில்லை. பெயின்டரும் யங்கும் 1980-ல் இதைக் காட்டினார்கள்.

டோஸுக்கு எதிராக உருவாக்க வேகத்தை வரைந்தால் கோடு இரண்டு சரிவுகளாக வருவதற்கும் இதுவே காரணம். முதல் சில கிரே வரை செங்குத்தாக இறங்குவது தொடக்கப் புள்ளிகள் அடைபடுவதைக் காட்டுகிறது. அதற்கு மேல் மெதுவாக இறங்குவது கவைகளே பாதிக்கப்படுவதைக் காட்டுகிறது. ஒரே ஒரு டோஸ் வைத்துச் செய்த சோதனையில் இந்த வளைவு தெரியவே தெரியாது.

சோதனையைத் திட்டமிடுதல்

எல்லா டோஸுக்கும் எல்லா நேரமும் பார்க்க நினைத்தால் விலங்குகளின் எண்ணிக்கை எகிறிவிடும். ஒரு டோஸில் நேரத் தொடர், ஒரு நேரத்தில் டோஸ் தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிரேயில் 0.5, 3, 6, 24, 96 மணி, 0.5 மணியில் 1, 2, 8 கிரே; கதிர் கொடுக்காத கன்ட்ரோல் குழு ஒன்று. ஆக 9 குழு, குழுவுக்கு 5 விலங்கு, 45 சுண்டெலிகள். லேபிள் ஏற்றாத விலங்கு ஒன்று கூடுதலாக வேண்டும். சாயம் தானாக ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

விலங்கு இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பால்ப்-சி சுண்டெலியைத் தவிருங்கள். அதன் டி.என்.ஏ.-பிகே ஜீனில் உள்ள மாற்றத்தால் இரட்டை இழை முறிவுகளைச் சரிசெய்யும் திறன் குறைவு. அதை வைத்துக்கொண்டு 'சாதாரணத் திசுவின் எதிர்வினை' என்று எழுத முடியாது. சி57பிஎல்/6, ஒரே பாலினம், 8 முதல் 10 வாரம், ஏறக்குறைய 25 கிராம் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கடிகாரம். கிரிப்டின் எஸ் கட்டச் செல்களின் விகிதம் பகலிலும் இரவிலும் ஒன்றாக இருப்பதில்லை. காலை 9 மணிக்குக் கதிர் கொடுத்து மாலை 3 மணிக்கு எடுத்த குடலை, காலை 10 மணிக்கு எடுத்த கன்ட்ரோல் குடலோடு ஒப்பிட்டால் கதிர்வீச்சின் விளைவும் நாள் தாளமும் கலந்துபோகும். லேபிள் ஊசியை எல்லா விலங்குக்கும் காலை 11 மணிக்கே போடுங்கள். கதிர் கொடுக்கும் நேரத்தை அதற்கேற்பப் பின்னோக்கி நகர்த்துங்கள். 0.5 மணிக் குழுவுக்கு 10.30, 3 மணிக் குழுவுக்கு 8.00, 6 மணிக் குழுவுக்கு விடிகாலை 5.00. கதிர் படும் நேரம் குழுவுக்குக் குழு மாறுவதும் ஒரு குறைதான். ஆனால் அளப்பது டி.என்.ஏ. உருவாக்கம் என்பதால் அளக்கும் நேரத்தை ஒன்றாக வைப்பதே முக்கியம்.

இந்தியாவில் செய்பவர்களுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும். எந்த நிலையில் விலங்கைக் கருணைக்கொலை செய்வீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எடை 20% குறைந்தால் நிறுத்துவது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 8 கிரே குழுவை 0.5 மணியில் மட்டும் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். அந்த டோஸில் நான்கு நாள் விட்டு வைத்தால் விலங்கு படும் துன்பத்துக்கு ஈடான தகவல் இந்தச் சோதனையில் கிடைக்காது.

கதிர் கொடுத்தல்

நிமிடத்துக்கு 0.5 முதல் 1 கிரே தரும் மூலம் வேண்டும். கோபால்ட்-60 டெலிதெரபி கருவி, சீசியம்-137 கருவி, ஃபில்டர் பொருத்திய எக்ஸ் கதிர் கருவி எதுவும் சரிதான். உணவுப் பொருள், விதை, பாலிமர் ஆகியவற்றுக்கான காமா சேம்பரைச் சுண்டெலிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் டோஸ் வேகம் மணிக்குப் பல கிலோகிரே. 4 கிரே சில நொடிகளில் முடிந்துவிடும். மாதிரி உள்ளே இறங்கி மேலே ஏறும் நேரத்தில் படும் கதிரே கணக்கைக் கெடுத்துவிடும்.

கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய 1.1% வலு குறையும். ஆறு மாதப் பழைய அட்டவணையைப் பார்த்து நேரம் கணக்கிட்டால் 4 கிரே என்று நீங்கள் எழுதுவது உண்மையில் 3.75 கிரேதான். சோதனை நாளுக்கான திருத்தத்தைப் போட்டுவிட்டு, சுண்டெலி உடலுக்கு ஈடாக 2 செ.மீ. தடிமனான அக்ரிலிக் அல்லது மெழுகு மாதிரிக்குள் டி.எல்.டி. (கதிர் அளக்கும் சிறு படிகம்) அல்லது கதிர் ஃபிலிம் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். விலங்குகளை வைக்கும் பெட்டியின் நடுவிலும் மூலைகளிலும் அளவு 5%-க்கு மேல் வேறுபடக் கூடாது. எக்ஸ் கதிர் கருவியில் பாதி நேரம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த திசுவில் அதே விளைவுக்கு 2.5 முதல் 3 மடங்கு டோஸ் தேவைப்படும். காற்றுப் புகாத பெட்டியில் ஐந்து எலியை அடைத்தால் உங்கள் டோஸுக்குப் பொருளே இருக்காது. மயக்க மருந்து தேவையில்லை. அதையும் மீறிக் கொடுத்தால் கன்ட்ரோலுக்கும் கொடுங்கள். உடல் சூடு இறங்கினாலே டி.என்.ஏ. உருவாக்கம் மெதுவாகும். கன்ட்ரோல் விலங்கும் அதே பெட்டியில், அதே அறையில், அதே நிமிடங்கள் இருக்க வேண்டும்.

கதிர் முடிந்த நொடியைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிரேயை நிமிடத்துக்கு 0.5 கிரே வீதம் கொடுத்தால் 16 நிமிடம் ஆகும். எஸ் கட்டத் தடை அதற்குள் தொடங்கிவிடும். டோஸ் தொடரில் இந்த வேறுபாடு உறுத்தும் என்பதால், கருவி அனுமதித்தால் நிமிடத்துக்கு 1 கிரேயை எட்டப் பாருங்கள்.

எந்த லேபிள்

டிரிஷியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சேர்ந்த தைமிடின், பிஆர்டியு, எட்யு மூன்றும் ஒரே வேலையைச் செய்யும். தைமிடினின் இடத்தில் டி.என்.ஏ.வுக்குள் ஏறும். இந்தச் சோதனைக்கு எட்யு போதும். பிஆர்டியுவைக் காண டி.என்.ஏ. இழைகளை 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிரிக்க வேண்டும். அப்போது பக்கத்தில் பார்க்க விரும்பும் பல புரதங்களின் ஆன்டிபாடி சாயம் கெட்டுவிடும். எட்யுவுக்கு அந்த அமிலம் வேண்டாம்.

பிஆர்டியுவிலும் அதன் உறவான அயோடின், குளோரின் வகைகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. அவை டி.என்.ஏ.வில் ஏறியிருக்கும்போது கதிர் பட்டால் சேதம் கூடும். கதிருக்கு முன்பே குடிநீரில் நாள்கணக்கில் பிஆர்டியு கொடுத்துவிட்டுக் கதிரின் விளைவை அளந்தால், நீங்களே கூர்மையாக்கிய விளைவைத்தான் அளக்கிறீர்கள். எட்யுவும் நெடுநேரம் இருந்தால் சேதம் விளைவிக்கும். எனவே எந்த லேபிளானாலும் கதிருக்குப் பிறகு, குறுகிய நேரம்.

எட்யு 35 மி.கி. எடுத்து 14 மி.லி. கிருமி நீக்கிய பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக்) கரைசலில் கரையுங்கள், கரைய மறுத்தால் 50 டிகிரி நீரில் சில நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். இது மி.லி.க்கு 2.5 மி.கி. எடையில் கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் ஊசி போட்டால் கிலோவுக்கு 25 மி.கி. ஆகும், 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மி.லி. குடலுக்குள் ஊசி இறங்கிவிட்டால் அந்த விலங்கில் லேபிள் மங்கலாகவோ இல்லாமலோ போகும். கதிரின் விளைவு என்று அதை எண்ணிவிடாமல் இருக்க மண்ணீரலில் ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள். குழுவின் மற்ற விலங்குகளை விட அதிலும் லேபிள் மிக மங்கலாக இருந்தால் ஊசிதான் தவறியிருக்கிறது.

ஊசி போட்டுச் சரியாக 60 நிமிடத்தில் திசுவை எடுங்கள். அதற்குமேல் காத்திருப்பதால் பயனில்லை. இரத்தத்தில் லேபிள் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும், லேபிள் ஏறிய செல்கள் பிரியவும் தொடங்கிவிடும்.

திசுவை எடுத்தல்

விலங்கு இறந்து ஐந்து நிமிடத்துக்குள் குடல் ஃபிக்ஸ் ஆக (கெடாமல் நிலைநிறுத்தப்பட) வேண்டும். செரிமான நொதிகள் மேல்படலத்தைத் தின்னத் தொடங்கிவிடும் என்பதால் இதில் தளர்வே கூடாது. ஜெஜுனத்தில் 10 செ.மீ. எடுத்து, ஐஸ் குளிரில் உள்ள பி.பி.எஸ்.ஸால் ஒருமுறை மென்மையாகக் கழுவுங்கள். பாதியை ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக (செல்களின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) ஐஸில் வையுங்கள். மறுபாதியை 1 செ.மீ. துண்டுகளாக்கி, ஐந்தாறு துண்டுகளைக் கட்டு போலச் சேர்த்து ஒட்டுத் துணி நாடாவால் சுற்றி, 10% நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள். கட்டாகச் சுற்றினால்தான் பாரஃபினில் நேராக நிற்கும். ஒரே சீவலில் ஐந்தாறு முழு வட்டங்கள் கிடைக்கும். 24 மணிக்கு மேல் ஃபார்மலினில் விடாமல் 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். சீவல் 4 மைக்ரோமீட்டர்.

எட்யு சாயம்: ஒரு மி.லி. கலவை

100 மில்லிமோலார் டிரிஸ், பி.ஹெச். 8.5: 875 மைக்ரோலிட்டர்.
100 மில்லிமோலார் காப்பர் சல்ஃபேட்: 20 மைக்ரோலிட்டர்.
1 மில்லிமோலார் ஃப்ளூரசென்ட் அசைட் சாயம்: 5 மைக்ரோலிட்டர்.
1 மோலார் சோடியம் ஆஸ்கார்பேட்: 100 மைக்ரோலிட்டர்.

வரிசை மாறக் கூடாது; ஆஸ்கார்பேட் கடைசியில்தான். அது காப்பரை ஒற்றை மின்னேற்ற நிலைக்கு இறக்குகிறது, அந்த நிலையில்தான் எட்யுவும் அசைட் சாயமும் இணையும் வினை நடக்கும். காற்றுப் பட்டால் காப்பர் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே கலந்த 15 நிமிடத்துக்குள் சீவல்மேல் ஊற்றிவிடுங்கள். ஆஸ்கார்பேட்டை அன்றன்றே கரையுங்கள்: 198 மி.கி.யை நீரில் கரைத்து 1 மி.லி.க்குக் கொண்டுவாருங்கள். புதிய கரைசலில் நிறமே இருக்காது, இருந்தாலும் மிக வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். பழுப்பேறியிருந்தால் கொட்டிவிடுங்கள். சீவலுக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர், இருட்டில் 30 நிமிடம், பிறகு பி.பி.எஸ்.ஸில் மூன்று கழுவல்.

சாயம் ஏறவே இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. பாரஃபின் சீவலை பி.ஹெச். 9 டிரிஸ்-ஈ.டி.டி.ஏ.வில் கொதிக்கவைத்த பிறகு சரியாகக் கழுவாவிட்டால், மிச்சமிருக்கும் ஈ.டி.டி.ஏ. காப்பரைப் பிடித்துக்கொள்ளும். சிட்ரேட் பி.ஹெச். 6-க்கு மாறிவிடலாம். இன்னொன்று, ஒளிரும் புரதங்களான ஆர்-பிஇ சாயமும் ஜி.எஃப்.பி.யும் காப்பர் பட்டால் ஒளி இழக்கும்; ஆகவே எட்யு வினையை முடித்துக் கழுவிய பிறகே ஆன்டிபாடிகளுக்குப் போங்கள். காமா-ஹெச்2ஏஎக்ஸ் முறிவுகளைக் காட்டும், வெட்டுண்ட காஸ்பேஸ்-3 சாகும் செல்களைக் காட்டும். இரண்டையும் பக்கத்துச் சீவல்களில் போடுங்கள்.

எண்ணுதல்

அடியில் பேனத் செல்கள் (கிரிப்டின் அடியில் இருக்கும் சுரப்புச் செல்கள்) தெரிய வேண்டும், நடுக்குழல் அடியிலிருந்து வாய்வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட கிரிப்டுகளை மட்டும் எடுங்கள். சாய்வாக வெட்டுப்பட்டதை எண்ணினால் இடக்கணக்கு தவறும். அடியின் நடுச் செல்லை 1 என்று தொடங்கி ஒரு பக்கமாக மேலே எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் எட்யு உண்டா இல்லையா என்று குறியுங்கள். விலங்குக்கு 50 அரைக் கிரிப்டுகள். எந்தக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது.

கன்ட்ரோலில் லேபிள் ஏறிய செல்கள் பெரும்பாலும் 5 முதல் 15 வரையான இடங்களில் குவிந்திருக்கும். கதிருக்கு 3 முதல் 6 மணிக்குப் பிறகு, ஸ்டெம் செல்கள் இருக்கும் 4-ஆம் இடத்தை ஒட்டிச் சாகும் செல்கள் மிகுதியாகத் தெரியும். சுருங்கி உடைந்த உட்கருத் துண்டுகளில் எட்யு ஒளிர்ந்தால் அதை லேபிள் ஏறிய செல்லாக எண்ணாதீர்கள். அது செத்த செல், அல்லது பக்கத்துச் செல் விழுங்கிய துண்டு.

கிரிப்ட் எண்ணிக்கை எத்தனை செல் என்பதைச் சொல்லும்; ஒரு செல் எவ்வளவு வேகமாக உருவாக்குகிறது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் ஃப்ளோ. ஐஸில் வைத்த குடலைத் திறந்து, 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேர்த்த பி.பி.எஸ்.ஸில் 4 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். முதல் குலுக்கலில் உதிரும் விரல் போன்ற குடலுறிஞ்சிகளைக் கொட்டிவிட்டு, அடுத்த குலுக்கல்களில் வரும் கிரிப்டுகளை 70 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடிகட்டி, ட்ரிப்எல்இ நொதியில் 37 டிகிரியில் 5 நிமிடம் வைத்துத் தனிச் செல்களாக்குங்கள். 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் ஃபிக்ஸ் செய்து, ஈ.டி.டி.ஏ. போகக் கழுவி, சாப்போனின் அல்லது ட்ரைட்டனால் சவ்வைத் திறந்து, அதே எட்யு வினையைச் செய்யுங்கள். பிறகு மேல்படலச் செல்களை அடையாளம் காட்டும் எபிகேம் ஆன்டிபாடி, கடைசியில் டி.என்.ஏ. அளவுக்கு மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் டாப்பி சாயம். எபிகேம் இல்லாவிட்டால் மேல்படலத்துக்குள் இருக்கும் லிம்போசைட்டுகள் கணக்கில் நுழைந்துவிடும். அவை கதிருக்கு எளிதில் சாகும் செல்கள் என்பதால் குழப்பம் பெரிதாக இருக்கும். ஒட்டிக்கொண்ட செல் இரட்டைகளை நீக்கியபின் 20,000 செல்களாவது மிஞ்ச வேண்டும்.

படத்தைப் படிப்பது இப்படி. 0.5 மணியில் எஸ் கட்ட டி.என்.ஏ. அளவு கொண்ட செல்களின் விகிதம் மாறாமல், அவற்றின் எட்யு ஒளி மட்டும் இறங்கினால் அது எஸ் கட்டத்துக்குள்ளேயே நடக்கும் தடை. டி.என்.ஏ. அளவு எஸ் கட்டத்தில் இருந்தும் எட்யு அறவே இல்லாத செல்கள் தோன்றினால் அவை இரட்டிப்பின் நடுவில் நின்றுபோனவை. ஒளி இயல்பாக இருந்து எஸ் கட்டச் செல்கள் குறைந்தால் பி53-பி21 வழியான ஜி1 தடை. இது சில மணி நேரம் கழித்துத்தான் வரும். ஜி2 (இரட்டிப்பு முடிந்து பிரிவதற்கு முந்தைய கட்டம்) மேடு உயர்ந்தால் செல்கள் பிரியாமல் காத்திருக்கின்றன. 96 மணியில் எட்யு கன்ட்ரோலையும் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள். பிழைத்த செல்கள் இழப்பை ஈடுகட்டப் பெருகும் காலம் அது. அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தவர் கதிர்வீச்சு டி.என்.ஏ. உருவாக்கத்தைக் கூட்டுகிறது என்று எழுதிவிடக்கூடும்.

தைமிடின் நீர்த்துப்போதல்

தைமிடினை ஒத்த ஈதைனைல் டிஆக்சியூரிடின்தான் எட்யு. செல்லுக்குள் அது தைமிடின் கைனேஸ் வழியாகவே போக வேண்டும். கதிருக்குப் பின் சாகும் செல்களிலிருந்து தைமிடின் கசிந்து போட்டியிடும். கைனேஸின் அளவும் மாறும். இரண்டுமே டி.என்.ஏ. உருவாக்கம் மாறாமலேயே லேபிளைக் குறைக்கும். சாவு உச்சத்தில் இருக்கும் 3, 6 மணிப் புள்ளிகளில் இது அதிகம். 0.5 மணியில் சாவு இன்னும் பெரிதாகத் தொடங்கியிருக்காது. எஸ் கட்டத் தடையைப் பற்றிய உங்கள் வாதத்தை அந்தப் புள்ளியின்மேல் கட்டுங்கள்.

அனுமதி உள்ள கூடமானால் டிரிஷியம் தைமிடினால் இதைச் சரிபார்க்கலாம். கிராமுக்கு 37 கிலோபெக்கரல் ஊசி போட்டு, திசுவைக் குளிர்ந்த 5% டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் அரைத்து, கரைந்த பகுதியையும் வீழ்படிவையும் தனித்தனியே எடுங்கள். வீழ்படிவை அதே அமிலத்தில் 90 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கினால் டி.என்.ஏ. கரைசலுக்கு வரும். அதன் அளவை டைஃபீனைலமின் முறையில் 600 நானோமீட்டரில் பாருங்கள். கதிரியக்கத்தைச் சின்டிலேஷன் கவுன்டரில் குவென்ச் திருத்தத்தோடு எண்ணுங்கள். டி.என்.ஏ.வில் எண்ணிக்கை இறங்கி, அமிலத்தில் கரைந்த பகுதியில் தைமிடின் டிரைபாஸ்பேட்டும் இறங்கியிருந்தால், குறைவில் ஒரு பங்கு லேபிள் செல்லுக்குள் போகாததால் வந்தது. டிரிஷியத்தின் பீட்டா துகள் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது; லேபிள் ஏறிய உட்கருவுக்குள்ளேயே தன் ஆற்றலை எல்லாம் கொட்டும். அதனால் இதையும் நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

புள்ளியியல்

இந்தச் சோதனையில் மாதிரி எண்ணிக்கை 5. ஐந்து விலங்குக்கு 50 வீதம் எண்ணிய 250 அரைக் கிரிப்டுகளை 250 தனி மாதிரிகளாகப் போட்டால் இல்லாத வேறுபாடுகூட உறுதியானதாகத் தெரியும். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளை ஒப்பிடுங்கள். அல்லது ஒரே விலங்கின் கிரிப்டுகளை ஒரு தொகுப்பாகக் கருதும் கலப்புப் புள்ளியியல் மாடலைப் பயன்படுத்துங்கள். செய்முறைப் பகுதியில் மூலத்தின் வகை, டோஸ் வேகம், அளந்த நாள், கதிர் முடிந்த நேரம், எட்யு போட்ட கடிகார நேரம், விலங்கு இனம் ஆகிய ஆறும் இருக்கட்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வேறொரு கூடத்தில் உங்கள் எண் திரும்ப வராது.